மூன்று திசைக்கு ஒரு பெயர்: ஃபான் காற்றின் சொல்வரலாறு

பள்ளிப் புவியியல் பாடத்தில் தலக்காற்றுகள் என்றொரு பட்டியல் வரும். வட இந்தியாவின் லூ, சகாராவிலிருந்து கிளம்பும் சிராக்கோ, பிரான்சின் மிஸ்ட்ரல், வட அமெரிக்காவின் சின்னூக் என்று நீளும் அந்தப் பட்டியலில், ஆல்ப்ஸ் மலைக்கு நேராக ‘ஃபான்’ என்று எழுதியிருக்கும். பொருத்துக வினாவுக்கு அது போதும். ஆனால் ஒரு சொல்லாக எடுத்துப் பார்த்தால், அந்தப் பட்டியலிலேயே விசித்திரமான வரலாறு உடையது ஃபான்தான்.

முதலில் அதன் ஒலி. ஜெர்மன்காரர்கள் சொல்வது நம் எழுத்தில் அடங்காது. உதட்டைக் குவித்துக்கொண்டு ஏகாரத்தை நீட்டினால் கிடைக்கும் உயிரொலி அது. நம் பாடநூல்கள் அதை ‘ஃபான்’ என்று எளிதாக்கிக்கொண்டன. அடுத்தது அதன் திசை. இந்தச் சொல்லின் மூதாதையான லத்தீன் சொல், ரோமில் மேற்கிலிருந்து வரும் காற்றைக் குறித்தது. அதன் பிள்ளையான ஜெர்மன் சொல், சுவிட்சர்லாந்தின் ஊரி மாநிலத்தில் தெற்கிலிருந்து வரும் காற்றைக் குறிக்கிறது. அதே லத்தீன் சொல்லின் இத்தாலிய வடிவம், ஆல்ப்ஸின் தெற்குச் சரிவிலுள்ள திச்சீனோ மாநிலத்தில் வடக்கிலிருந்து வரும் காற்றுக்குப் பெயராக இருக்கிறது. ஒரே சொல், மூன்று திசை.

காற்றின் பெயர் என்றால் திசையின் பெயர் என்றே நாம் எண்ணிப் பழகியிருக்கிறோம். வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல். அப்படியானால் ஃபான் எப்படித் திசைக்குத் திசை தாவியது? அந்தச் சொல் தன் பயணம் முழுவதிலும் திசையை விட்டுவிட்டு வேறெதையோ கையில் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறது. அது எது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

ரோமின் மேல்காற்று

ரோமானியர்கள் மேற்கிலிருந்து வரும் மென்மையான காற்றை ஃபவோனியுஸ் என்றார்கள். கிரேக்கர்களின் செஃபிரோஸ் என்ற காற்றுத் தெய்வத்துக்கு இணையானது இது. ஏதென்ஸில் இன்றும் நிற்கும் எண்கோண வடிவக் காற்றுக் கோபுரத்தின் எட்டு முகங்களிலும் எட்டுக் காற்றுகளைச் சிற்பமாக வடித்திருக்கிறார்கள். வடகாற்றான போரியாஸ் கனத்த ஆடையை இழுத்துப் போர்த்திய கிழவராக இருக்க, மேல்காற்றான செஃபிரோஸோ இளைஞனாக, மடி நிறையப் பூக்களை ஏந்திக்கொண்டு பறக்கிறான். அந்தப் பூக்கள் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. அந்தக் காற்றின் வேலையே அதுதான்.

முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த மூத்த பிளினி, தன் இயற்கை வரலாற்று நூலின் 2-ஆம் பாகத்தில் ஆண்டின் காற்றுகளை வரிசையாகச் சொல்கிறார். வசந்தம் கப்பலோட்டிகளுக்குக் கடலைத் திறந்துவிடுகிறது. அதன் தொடக்கத்தில் ஃபவோனியுஸ் வீசிக் குளிர்கால வானத்தின் கடுமையைத் தணிக்கிறது என்பது அவர் தரும் செய்தி. அதற்கு நாளும் குறிக்கிறார்: நம் கணக்கில் பிப்ரவரி 8. ரோமானிய உழவருக்கும் மாலுமிக்கும் ஃபவோனியுஸ் என்பது நாட்காட்டியின் ஒரு பக்கம். அது வீசினால் குளிர்காலம் முடிந்தது என்று பொருள்.

அந்தப் பெயருக்கு என்ன பொருள்? ஏழாம் நூற்றாண்டில் செவில் நகரத்து இசிடோர் தன் சொற்பிறப்பியல் நூலில் ஒரு விளக்கம் தந்தார். பயிரையும் பூவையும் கதகதப்பாக வைத்து வளர்ப்பதால் அதற்கு அந்தப் பெயர் என்றார். லத்தீனில் ‘ஃபோவெரே’ என்றால் கதகதப்பாக வைத்தல், அடைகாத்தல், பேணுதல். பழங்கால ஆசிரியர்கள் தந்த சொற்பிறப்பு விளக்கங்களில் பலவும் ஒலி ஒப்புமையை மட்டும் நம்பியவை. ஆனால் இந்த விளக்கத்தை இன்றைய மொழியியலாளர்களும் ஒரேயடியாகத் தள்ளிவிடுவதில்லை. ‘ஃபோவெரே’ என்ற வினையை இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் ‘எரித்தல்’ வேரிலிருந்து அவர்கள் பிறப்பிக்கிறார்கள். சமஸ்கிருதத்தில் அதே வேரிலிருந்து வந்ததுதான் ‘தஹ்’. நாம் ‘தகனம்’ என்று எடுத்துக்கொண்ட சொல்லின் வேர். ஃபவோனியுஸையும் இந்தக் குடும்பத்தில் சேர்ப்பவர்கள் சொல்வது சரியென்றால், ரோமானியரின் மெல்லிய வசந்தக் காற்றின் பெயருக்குள் முதலிலிருந்தே கொஞ்சம் அனல் இருந்திருக்கிறது.

மலையேறிய சொல்

கி.மு. 15-இல் பேரரசர் அகஸ்டஸின் வளர்ப்பு மகன்களான திபேரியுஸும் த்ரூசுஸும் ஆல்ப்ஸ் மலைநாட்டின் ரேட்டியாவை வென்றார்கள். படைவீரரோடும் வணிகரோடும் லத்தீன் அந்தப் பள்ளத்தாக்குகளுக்குள் நுழைந்தது. அங்கேயே தங்கி, மலைமக்களின் வாயில் உருமாறி, காலப்போக்கில் ரோமான்ஷ் என்ற தனி மொழியானது. சுவிட்சர்லாந்தின் கிராவ்புண்டன் மாநிலத்தில் இன்றும் அதைப் பேசுகிறார்கள். 1938-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் அது அந்நாட்டின் நான்காவது தேசிய மொழியாக ஏற்கப்பட்டது.

ஃபவோனியுஸ் அந்த மொழியில் ‘ஃபவுவோன்’, ‘ஃபவுன்’ என்று பள்ளத்தாக்குக்கு ஒரு வடிவம் எடுத்தது. இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்ட வகரம் தேய்ந்து மறைவது பல மொழிகளில் நடப்பதுதான். அண்டை வீட்டுக்காரர்களான அலெமானிய ஜெர்மானியர்கள் இந்தச் சொல்லை வாங்கியபோது அது ‘ஃபோன்னோ’ ஆயிற்று. பழைய உயர் ஜெர்மன் காலத்தில், அதாவது கி.பி. 1050-க்கு முன்பே, இந்த வடிவம் பதிவாகிவிட்டது. சொல்லின் இறுதியில் ஒருகாலத்தில் இருந்த இகரம் தான் மறைவதற்கு முன் முன்னிருந்த ஓகாரத்தை இழுத்து வளைத்துவிட்டுப் போனது. அதனால் பிறந்ததுதான் நம் எழுத்துக்கு அடங்காத அந்த உயிரொலி.

நான்காம் நூற்றாண்டில் விவிலியம் மொழிபெயர்க்கப்பட்ட கோத்திக் மொழியில் ‘ஃபோன்’ என்றால் நெருப்பு. எரிக்கும் காற்றுக்கு நெருப்பின் பெயர் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது வேறு வேர்ச்சொல். ஒலி ஒத்துப்போவது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு சொல்வரலாறு எழுதக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மலைக்கு வந்த சொல்லுக்கு ஒரு சிக்கல் காத்திருந்தது. மத்தியதரைக் கடற்கரையில் வசந்தத்தைக் கொண்டுவருவது மேல்காற்று. ஆல்ப்ஸின் வடக்குப் பள்ளத்தாக்குகளில் மேல்காற்று கொண்டுவருவது மழையும் குளிரும். அங்கே பனியை உருக்கி வசந்தத்தைத் திறந்துவிடுவது தெற்கே மலைமுகட்டைத் தாண்டி இறங்கும் காற்று. மலைமக்கள் திசையைப் பார்த்துப் பெயரை மேல்காற்றுக்கே விட்டுவைத்திருக்கலாம். அவர்கள் வேலையைப் பார்த்தார்கள். குளிர்காலத்தை முடித்துவைக்கும் காற்று எதுவோ அதுவே ஃபவோனியுஸ் என்று பெயரை மாற்றிக் கட்டினார்கள்.

மலையின் தெற்குச் சரிவில் இதே தர்க்கம் எதிர்த்திசையில் வேலை செய்தது. இத்தாலிய மொழி பேசும் திச்சீனோவில், வடக்கேயிருந்து முகடு தாண்டி இறங்கும் காற்றுதான் குளிர்காலத்தில் வானத்தைத் துடைத்துவிட்டு வெப்பத்தைக் கொண்டுவருகிறது. அங்கே அதற்குப் பெயர் ‘ஃபவோனியோ’. லத்தீன் சொல் ஏறக்குறைய அப்படியே இருக்க, திசை மட்டும் தலைகீழாகிவிட்டது.

ஊரியின் மூத்த குடிமகன்

ஊரி மாநிலத்தின் தலைநகரான ஆல்ட்டார்ஃப், ராய்ஸ் ஆற்றின் பள்ளத்தாக்கில், ஊரி ஏரிக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. கோட்டார்டு கணவாயைத் தாண்டி வரும் காற்றுக்கு அந்தப் பள்ளத்தாக்கு ஒரு புனல். ஆண்டின் எந்த மாதத்திலும் ஃபான் வீசலாம் என்றாலும் அங்கே அது அதிகம் வீசுவது வசந்த மாதங்களில்தான். ஊரிக்காரர்கள் அதை ‘ஊரியின் மிக மூத்த குடிமகன்’ என்று சொல்வார்கள். தங்களுக்கு முன்பே அந்தப் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் ஆள் என்பதால் அந்த மரியாதை.

அந்த மூத்தவருக்கு இரண்டு முகம். பனிக்காலக் கடைசியில் ஃபான் இறங்கினால் சில மணி நேரத்தில் வெப்பநிலை பத்து டிகிரிக்கு மேல் ஏறிவிடும். காற்றின் ஈரப்பதம் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும். பனி உருகுவதோடு நிற்காமல், நீராகாமலே ஆவியாகவும் போகும். ஆண்டவனாலும் பொற்கதிரவனாலும் ஆகாத காரியம் ஃபான் வந்தால்தான் ஆகும் என்ற கருத்தில் சுவிஸ் மலைநாட்டில் ஒரு பழமொழி உண்டு. ரைன் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு இலையுதிர்காலத்து ஃபான் ‘திராட்சை சமைப்பவன்’. குளிர்நாட்டில் பழத்தில் சர்க்கரை ஏற அந்தக் கடைசிச் சூடு தேவை.

இன்னொரு முகம் நெருப்பு. 1861 மே 10-ஆம் தேதி இரவு கிளாருஸ் நகரத்தில் தீப்பிடித்தது. கடும் ஃபான் வீசிக்கொண்டிருந்த இரவு அது. மறுநாளைக்குள் நகரத்தின் மூன்றில் இரண்டு பங்கு, சுமார் 600 கட்டடங்கள், சாம்பலாயின. இன்று கிளாருஸுக்குப் போகிறவர்கள், மலைநாட்டு ஊருக்குப் பொருந்தாத வகையில் தெருக்கள் கட்டம் போட்டதுபோல் நேர்நேராக ஓடுவதைக் காணலாம். அந்தத் தீக்குப் பிறகு புதிதாகத் திட்டமிட்டுக் கட்டிய நகரம் அது. ஷெர்லாக் ஹோம்ஸ் கதையால் புகழ்பெற்ற ரைசன்பாக் அருவிக்கு அருகிலுள்ள மைரிங்கன் ஊர் 1891-இல் ஃபான் காற்றோடு சேர்ந்த தீயில் அழிந்தது.

இப்படிப் பட்ட அனுபவத்தால் ஃபான் காவல் என்றொரு வழக்கம் அந்தப் பள்ளத்தாக்குகளில் ஏற்பட்டது. காற்று இறங்கத் தொடங்கியதும் காவலர்கள் வீதி சுற்றுவார்கள். வெளியில் புகைபிடிக்கக் கூடாது. திறந்த அடுப்பு மூட்டக் கூடாது. சில இடங்களில் வீட்டுக்குள் அடுப்பெரிக்கவும் கட்டுப்பாடு. ஏரிகளின் கரையில் இன்று காவலரின் இடத்தில் ஆரஞ்சு நிற எச்சரிக்கை விளக்குகள் நிற்கின்றன. நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் கவனம். 90 முறை மின்னினால் புயல், உடனே கரையேறு. ஊரி ஏரியில் படகோட்டுகிறவர் அந்த மின்னலை எண்ணத் தேவையில்லை, வேகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார்.

உடம்புக்கும் இந்தக் காற்று ஆகாது என்பது அங்கே பரவலான நம்பிக்கை. தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாவற்றையும் ‘ஃபான் நோய்’ என்ற ஒரே கணக்கில் எழுதிவிடுவார்கள். இது முழுக்க மனப்பிரமையும் அல்ல. இதே வகைக் காற்று வீசும் கனடாவின் கால்கரி நகரத்தில் ஒற்றைத் தலைவலி நோயாளிகள் 75 பேரின் நாட்குறிப்புகளை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்களில் ஒரு பகுதியினருக்குக் காற்று வரும் முந்தைய நாளிலோ பலமாக வீசும் நாளிலோ தலைவலி கூடுவதைக் கண்டது. எல்லாருக்கும் அப்படி நேரவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

சூடு எங்கிருந்து வந்தது?

பனிமலையிலிருந்து இறங்கும் காற்று ஏன் சூடாக இருக்கிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பிய அறிஞர்கள் இதைப் பற்றிக் கடுமையாக மோதிக்கொண்டார்கள். சூரிச் நகரத்து நிலவியலாளர் ஆர்னால்டு எஷர், தெற்கிலிருந்து வரும் சூடான வறண்ட காற்று சகாராவிலிருந்தே வரவேண்டும் என்றார். அவர் இன்னொரு படியும் போனார். பனியூழிக் காலத்தில் சகாரா கடலுக்கடியில் இருந்தது; அதனால் அப்போது சூடான ஃபான் வீசவில்லை; அதனால்தான் ஆல்ப்ஸின் பனியாறுகள் அவ்வளவு பெருத்தன என்று வாதிட்டார். பெர்லினின் புகழ்பெற்ற வானிலையியலாளர் ஹைன்ரிச் டோவே அதை மறுத்தார். அந்தக் காற்று மேற்கிந்தியத் தீவுகளின் வெப்பக் கடலிலிருந்து வருகிறது என்பது அவர் கட்சி. இரு தரப்புமே சூடு வேறொரு சூடான இடத்திலிருந்து ஏற்றுமதியாகி வருகிறது என்றுதான் எண்ணின.

1866-இல் ஆஸ்திரிய வானிலையியல் சங்கத்தின் இதழில் யூலியுஸ் ஹான் என்ற இளைஞர் எழுதிய கட்டுரை இந்த வழக்கின் அடிப்படையையே மாற்றியது. அப்போது அவருக்கு வயது 27. ஃபான் வடக்கே சூடாகவும் வறட்சியாகவும் வீசும் அதே நாளில், மலையின் தெற்கே கொட்டும் மழையும் குளிர்ச்சியும் இருப்பதை அவர் சுட்டிக்காட்டினார். பாலைவனத்துக் காற்று என்றால் தெற்கே அல்லவா முதலில் கொதித்திருக்க வேண்டும்? கிரீன்லாந்தின் மேற்குக் கரையிலும் இதே போன்ற சூடான காற்று வீசுகிறது. அது கிளம்பி வரும் உள்நாட்டில் பனிப்பாளத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஆக, சூடு எங்கிருந்தும் வரவில்லை. மலையிறங்கும் வழியிலேயே உண்டாகிறது என்றார் ஹான். பின்னாளில் வியன்னாவின் மத்திய வானிலை நிலையத்துக்கு அவர் இயக்குநரானார்.

இதன் கணக்கு எளிது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுவதுபோல், அமுக்கப்படும் காற்று சூடாகும். விரியும் காற்று குளிரும். மலையேறும் காற்று மேலே அழுத்தம் குறைவதால் விரிந்து, 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் குளிர்கிறது. ஆனால் மேகம் கட்டத் தொடங்கியதும் நீராவி நீராகிறது, அந்த நீராவியில் மறைந்திருந்த வெப்பம் வெளிப்படுகிறது. அதனால் அதன்பிறகு 100 மீட்டருக்குச் சுமார் 0.6 டிகிரிதான் குளிர்கிறது. முகட்டுக்கு மறுபுறம் இறங்கும்போது ஈரம் மழையாகத் தீர்ந்துவிட்டதால், முழுக்க 100 மீட்டருக்கு 1 டிகிரி வீதம் சூடேறுகிறது.

500 மீட்டர் உயரத்திலுள்ள தெற்கு அடிவாரத்தில் காற்றின் வெப்பநிலை 10 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். 1000 மீட்டர் உயரத்தை எட்டும்போது 5 டிகிரி. அங்கே மேகம் கட்டுகிறது. 2500 மீட்டர் முகட்டை அடையும்போது கழித்தல் 4 டிகிரி. மறுபுறம் 2000 மீட்டர் இறங்கி மீண்டும் 500 மீட்டர் உயரத்துக்கு வரும்போது 16 டிகிரி. ஏறிய இடத்தைவிட 6 டிகிரி அதிகம், ஈரமோ மிகக் குறைவு. முகட்டின் மேல் சுவர் எழுப்பியதுபோல் நிற்கும் மேகத்தை அங்கே ‘ஃபான் சுவர்’ என்கிறார்கள். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் வானம் பளிச்சென்று இருக்கும். தொலைவிலுள்ள மலைகள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டதுபோல் தெரியும்.

பாடநூல்கள் இந்த அளவில் நிறுத்திக்கொள்கின்றன. உண்மை இதைவிடச் சற்றுச் சிக்கலானது. தெற்கே ஒரு துளி மழையும் பெய்யாமல் ஃபான் வீசும் நாள்களும் உண்டு. அப்போது கீழ்க்காற்று மலையால் தடுக்கப்பட்டுத் தேங்கிக் கிடக்க, முகட்டின் உயரத்தில் உள்ள, இயல்பிலேயே வறண்ட மேல்நிலைக் காற்று மறுபுறம் சரிகிறது. 1999 இலையுதிர்காலத்தில் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஆல்ப்ஸில் நடத்திய பெரிய கள ஆய்வு, ரைன் பள்ளத்தாக்கின் ஃபானை விமானங்களாலும் தரைக் கருவிகளாலும் நுணுக்கமாக அளந்தது. மழையால் வெளிப்படும் வெப்பம், மேல்நிலைக் காற்று சரிதல், காற்றுப் படலங்கள் கலத்தல், மேகமற்ற வானில் வெயில் என்று நான்கு காரணங்கள் வெவ்வேறு விகிதத்தில் சேர்ந்தே ஃபானின் சூட்டை உண்டாக்குகின்றன என்பது இன்றைய நிலை.

ஊர்ப்பெயர் வகைப்பெயரானது

ஹானின் விளக்கத்துக்குப் பிறகு சொல்லின் வாழ்க்கை மறுபடி மாறியது. மலையிறங்கும்போது சூடேறும் காற்று எங்கே வீசினாலும் அது ‘ஃபான் வகை’ என்றாயிற்று. ஒரு பள்ளத்தாக்கின் பேச்சுவழக்கு உலக வானிலையியலின் கலைச்சொல்லானது. ஆண்டீஸ் மலையைத் தாண்டி அர்ஜென்டினாவின் சான் ஹுவானில் இறங்கும் சோண்டா, போலந்தின் தாத்ரா மலைச்சரிவில் வீசும் ஹால்னி, ராக்கி மலையின் கிழக்கே வீசும் சின்னூக் எல்லாம் இந்த வகையில் சேர்ந்தன.

இவற்றில் சின்னூக்கின் கதை ஃபானின் கதையை அப்படியே திருப்பிச் சொல்கிறது. சின்னூக் என்பது பசிபிக் கரையில் கொலம்பியா ஆற்றின் முகத்துவாரத்தில் வாழும் பூர்வகுடி மக்களின் பெயர். அங்கே வந்த தோல் வணிகர்கள் அந்த மக்களின் குடியிருப்புப் பக்கமிருந்து வீசிய, கடலின் ஈரம் நிறைந்த காற்றை அந்தப் பெயரால் குறித்தார்கள். பிறகு அந்தப் பெயர் ராக்கி மலையைத் தாண்டி மொன்டானாவுக்கும் ஆல்பர்ட்டாவுக்கும் போனது. அங்கே ஈரமே இல்லாத, பனியைத் தின்னும் சூடான காற்றுக்குப் பெயரானது. கரையில் ஈரக்காற்றாகவும் மலைக்கு அப்பால் வறண்ட காற்றாகவும் இருந்தாலும் இரண்டும் குளிரை உடைக்கும் காற்றுகள். 1943 ஜனவரி 22 காலை தென் டக்கோட்டாவின் ஸ்பியர்ஃபிஷ் ஊரில் சின்னூக் இறங்கியபோது, கழித்தல் 20 டிகிரி செல்சியஸில் இருந்த வெப்பநிலை இரண்டே நிமிடத்தில் 7 டிகிரிக்கு ஏறியது. மிக வேகமான வெப்ப ஏற்றத்துக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படும் பதிவு அது.

சொல்லின் கடைசிப் பயணம் குளியலறைக்கு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் மின்சார முடியுலர்த்திக்கு அந்தக் காற்றின் பெயரையே, நடுவில் உள்ள ஓர் எழுத்தை மட்டும் விட்டுவிட்டு, வணிகப்பெயராகப் பதிவு செய்தார்கள். பின்னர் ஏ.இ.ஜி. நிறுவனத்தின் கைக்கு வந்த அந்தப் பெயர், எந்த நிறுவனத்தின் கருவியானாலும் சொல்லும் பொதுப்பெயராகிவிட்டது. இத்தாலி, ரஷ்யா, துருக்கி, செக் குடியரசு ஆகிய நாடுகளில் முடியுலர்த்தியை இன்று அழைக்கும் பெயர்கள் இதன் வழிவந்தவை. 1996 எழுத்துச் சீர்திருத்தம் ஜெர்மனில் கருவிக்கும் காற்றுக்கும் ஒரே எழுத்துக்கூட்டலைத் தந்து, பிரிந்துபோன இரண்டையும் மறுபடி சேர்த்துவைத்தது. இங்கேயும் பெயர் ஒட்டிக்கொண்டது செயலில்தான்: சூடான, வறண்ட, ஈரத்தை உறிஞ்சும் காற்று.

மட்டக்களப்பின் கச்சான்

உலக வானிலையியலின் ஃபான் வகைப் பட்டியலில் ஒரு தமிழ்ச் சொல்லும் இருக்கிறது. அமெரிக்க வானிலையியல் கழகத்தின் கலைச்சொல் அகராதியில் ‘கச்சான்’ ஒரு தனிப் பதிவு. தென்மேற்குப் பருவகாலத்தில், ஜூன், ஜூலை மாதங்களில், இலங்கை மலைநாட்டின் மறைவுப் பக்கத்தில் வீசும் சூடான, வறண்ட மேல்காற்று அல்லது தென்மேற்குக் காற்று என்பது அதன் விளக்கம். கிழக்குக் கரையில் மட்டக்களப்பில் அது நன்றாக வெளிப்படுகிறது. கடற்காற்றை அடக்கிவிடும் அளவுக்குப் பலமானது. பகல் வெப்பத்தை ஏறக்குறைய 38 டிகிரிக்குக் கொண்டுபோகும்.

காரணம் ஆல்ப்ஸில் பார்த்ததேதான். அரபிக்கடல் பக்கமிருந்து வரும் பருவக்காற்று இலங்கையின் மேற்குச் சரிவில் ஏறி மழையைக் கொட்டுகிறது. 2,524 மீட்டர் உயர்ந்த பிதுருதலாகல உள்ளிட்ட மலைத்தொடரைத் தாண்டியதும் வறண்டு, சூடேறி, கிழக்கே இறங்குகிறது. கடலோரத்தில் இருந்தும் நண்பகலில் கடற்காற்று வராமல் மட்டக்களப்பு வேகுவது இதனால்தான். மலையின் கிழக்குச் சரிவிலுள்ள ஊவாவில் இதே காற்று வேறொரு வேலை பார்க்கிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட காற்றுக் காலத்தில் கிள்ளும் கொழுந்துதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தருவது. ரைன் பள்ளத்தாக்கின் திராட்சை சமைப்பவனும் ஊவாவின் கச்சானும் ஒரே தொழிலில் இருக்கிறார்கள்.

ஒரு குழப்பத்தை இங்கே விலக்கிவிட வேண்டும். இலங்கைத் தமிழில் கச்சான் என்றால் நிலக்கடலையும்தான். மலாய் மொழியில் கடலை, பயறு வகைகளின் பொதுப்பெயர் ‘கச்சாங்’. டச்சுக்காரர் காலத்திலிருந்தே இலங்கையில் மலாய் மக்கள் வாழ்வதால் கடலையின் பெயர் அந்த வழியில் வந்திருக்க வாய்ப்பு மிகுதி. காற்றின் பெயருக்கும் அதற்கும் தொடர்பு தேடத் தேவையில்லை.

தமிழ் அகராதிகள் கச்சானுக்குப் பொதுவாகத் தரும் பொருள் மேல்காற்று. அதில் தவறில்லை, ஆனால் அது திசையை மட்டும் சொல்கிறது. பழந்தமிழில் மேல்காற்றுக்கு ‘கோடை’ என்ற பெயர் இருந்தது. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் யாருக்கும் திசை நினைவுக்கு வருவதில்லை, வெயில்காலம்தான் நினைவுக்கு வருகிறது. ரோமானியரின் மேல்காற்று வசந்தத்தைக் குறித்தது, நம் முன்னோரின் மேல்காற்று வேனிலைக் குறித்தது. இரண்டு இடத்திலும் திசை உதிர்ந்து, காற்று கொண்டுவந்த பருவம் சொல்லில் தங்கிவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி, மழையை அந்தப் பக்கமே விட்டுவிட்டுச் சமவெளிக்கு இறங்கும் காற்றை ஒவ்வோர் ஆண்டும் உடம்பில் உணர்ந்த மக்களுக்கு அது இயல்பானதே.

ஃபானின் ஈராயிரம் ஆண்டுப் பயணம் காட்டுவது இதைத்தான். காற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் திசைகாட்டியைப் பார்த்து வைக்கவில்லை. பனி உருகியதா, கடல் திறந்ததா, பழம் கனிந்ததா, கூரை தீப்பிடித்ததா என்று பார்த்து வைத்தார்கள். அதனால்தான் பெயர் ஊர் மாறியபோது திசையை உதறிவிட்டு வேலையைக் கூடவே எடுத்துச்சென்றது. காற்றுப் பெயருக்குத் திசையை மட்டும் பொருளாக எழுதும் அகராதி, அந்தச் சொல்லின் பாதியைத்தான் எழுதுகிறது.

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் ஆகிய பெயர்கள் இன்றும் கரையோர மீனவர் பேச்சிலும் உழவர் பேச்சிலும் புழங்குகின்றன. ஒரே பெயர் ஊருக்கு ஊர் சற்றே வேறு காற்றைக் குறிக்கக்கூடும். அதைப் பிழை என்று திருத்தாமல், எந்த ஊரில், எந்த மாதத்தில், எந்தப் பக்கமிருந்து வருகிறது, வந்தால் கடலுக்கும் பயிருக்கும் உடம்புக்கும் என்ன செய்கிறது என்ற நான்கையும் சேர்த்துப் பதிவு செய்ய வேண்டும். வட்டார வழக்கு அகராதி தொகுப்பவர்களும் கல்லூரித் தமிழ்த் துறை மாணவர்களும் வானிலை ஆய்வாளர்களும் கைகோத்தால் நடக்கக்கூடிய வேலை இது. அந்தச் சொற்களை வாய்நிறையப் பேசும் தலைமுறை இருக்கும்போதே இதைத் தொடங்கிவிட வேண்டும்.